அண்ணனுக்குக் குடல் அழற்சி நோய்... தங்கைக்கும் வருமா? ரத்த உறவுகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேடசந்தூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குக் கோவையில் ஐ.டி. வேலை. இரண்டு வருடமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடை குறைவு. ‘மூலமா இருக்கும்’ என்று ஆறு மாதம் போனது. ‘உடம்பு சூடு’ என்று இன்னும் ஆறு மாதம். கடைசியில் கொலோனோஸ்கோபி செய்து பார்த்தபோதுதான் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்று தெரிந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், நன்றாகவே இருக்கிறார். ஆனால் பெற்றோரைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. “வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுக்க யோசிப்பாங்க” என்பது அம்மாவின் கவலை.

தங்கை திண்டுக்கல்லில் வங்கியில் வேலை பார்க்கிறார். அண்ணனுக்கு ‘ஏதோ வயித்துப் பிரச்சினை’ என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். மூன்று மாதமாக அவருக்கும் வயிறு சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்து கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் போகிறார். “வீட்ல யாருக்காவது குடல் சம்பந்தமா நோய் இருக்காம்மா?” என்று கேட்கிறார் டாக்டர். “இல்லீங்க டாக்டர்” என்கிறார் இவர்.

இது கற்பனை வீடுதான். ஆனால் அந்த “இல்லீங்க” என்ற பதில் பல வீடுகளிலிருந்து வரக்கூடியது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் பேசவில்லை, அதனால் தெரியவில்லை. குடல் அழற்சி நோயைப் பொறுத்தவரை அந்த ஒற்றைக் கேள்விக்கான சரியான பதில், காசு செலவில்லாத முதல் பரிசோதனை. ஏன் என்று பார்க்கலாம்.

குடல் அழற்சி நோய் என்றால் என்ன?

சுருக்கமாக ஐ.பி.டி. என்பார்கள். இதில் இரண்டு முக்கிய வகைகள்.

• அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: பெருங்குடலை மட்டும் தாக்கும். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். குடலின் உட்சுவரில் புண்கள் வரும். ரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு இதன் முக்கிய அடையாளம்.

• குரோன்ஸ் நோய்: வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவும். அதனால் குடல் சுருங்கி அடைப்பு ஏற்படலாம், பௌத்திரம் வரலாம். 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோனும் அவருடைய இரண்டு சக மருத்துவர்களும் இதைப் பற்றி எழுதியதால் இந்தப் பெயர்.

இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், குடலிலேயே தொடர்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மரபணு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உணவு, சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்து இதைத் தூண்டுகின்றன. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள், அதாவது படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஓடும் காலத்தில் தலைகாட்டும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஐ.பி.எஸ். வேறு, ஐ.பி.டி. வேறு. ஐ.பி.எஸ்.ஸில் குடல் இயங்கும் விதத்தில்தான் கோளாறு. குடலில் புண் இருக்காது, ரத்தம் வராது, எடை குறையாது. பரீட்சை, மீட்டிங் என்றால் வயிறு கலக்குவது அந்த ரகம். ஐ.பி.டி.யில் குடல் உண்மையிலேயே காயப்படுகிறது.

இது நம்ம ஊர் நோயா?

‘இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய்’ என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். பஞ்சாபின் லூதியானாவில் சுமார் 52 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2003இல் வெளியானது. அங்கே ஒரு லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. ஆசியாவின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் அது அதிகம்.

உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 1990இல் சுமார் 1.3 லட்சமாக இருந்த ஐ.பி.டி. நோயாளிகளின் எண்ணிக்கை 2019இல் சுமார் 2.7 லட்சமானது. முப்பது ஆண்டுகளில் இரண்டு மடங்கு. மக்கள்தொகை கூடியது ஒரு காரணம். கொலோனோஸ்கோபி வசதி பரவியது இன்னொரு காரணம். அவற்றோடு மாறிவிட்ட உணவும் வாழ்க்கை முறையும்.

பதவியோ வசதியோ பார்த்து வரும் நோயும் அல்ல இது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேக்குப் பதின்ம வயதிலிருந்தே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. 2020இல் அவர் பதவி விலகியபோது இதையே காரணமாகச் சொன்னார். அதே நோயோடுதான் ஜப்பானில் மிக நீண்ட காலம் பிரதமராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, ரத்த உறவுக்கு எவ்வளவு ஆபத்து?

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள். இவர்களைத்தான் முதல்நிலை உறவினர்கள் என்கிறது மருத்துவம். டென்மார்க் நாட்டின் மொத்த மக்கள்தொகைப் பதிவேட்டை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. முதல்நிலை உறவினர் ஒருவருக்குக் குரோன்ஸ் இருந்தால், மற்றவருக்கு அது வரும் வாய்ப்பு சாதாரணமானவர்களைவிடச் சுமார் 8 மடங்கு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றால் சுமார் 4 மடங்கு.

‘எட்டு மடங்கு’ என்றதும் பயம் வரும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். லூதியானா கணக்கையே எடுத்துக்கொள்வோம். லட்சத்தில் 44 பேர். நான்கு மடங்கு என்றால் 176 பேர். அதாவது எந்த ஒரு சமயத்தில் எண்ணிப் பார்த்தாலும், நோயாளிகளின் நெருங்கிய உறவினர்கள் ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. இது தோராயக் கணக்குதான். வாழ்நாள் முழுவதும் என்று பார்த்தால் வாய்ப்பு இதைவிடக் கூடும். நோய் அதிகமுள்ள மேலை நாடுகளிலேயே, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு பொதுவாக 5 சதவீதத்துக்குள்தான் சொல்லப்படுகிறது. ஒரு சின்ன ஆபத்தின் எட்டு மடங்கும் சின்ன ஆபத்துதான்.

மரபணு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இரட்டையர்களே சாட்சி. ஒரே கருவில் உருவான இரட்டையர்களில் ஒருவருக்குக் குரோன்ஸ் வந்தாலும், பாதிக்கு மேற்பட்ட ஜோடிகளில் மற்றவருக்கு அது வருவதில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இந்த ஒற்றுமை இன்னும் குறைவு. அச்சு அசலாக ஒரே மரபணு இருந்தும் இந்த நிலை.

இந்திய நிலவரத்தில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. இங்கே நடந்த ஆய்வுகளில், குடும்பத்தில் வேறு யாருக்கும் ஐ.பி.டி. இருப்பதாகச் சொன்ன நோயாளிகள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மேலை நாடுகளில் பத்துக்கும் மேல். உண்மையிலேயே இங்கே குறைவா, அல்லது வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று பேசிக்கொள்ளாததால் குறைவாகத் தெரிகிறதா? இரண்டுக்கும் பங்கு இருக்கலாம். மரபணுவிலும் மாற்றம் உண்டு: 2001இல் கண்டறியப்பட்ட ‘நாட்-2’ மரபணு மாற்றங்கள் ஐரோப்பியக் குரோன்ஸ் நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படுகின்றன, இந்திய நோயாளிகளிடம் அவை அரிது. எனவே இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு ‘ஜீன் டெஸ்ட்’டை வாங்கிப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

இரண்டு இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, அப்பா அம்மா இருவருக்குமே ஐ.பி.டி. இருந்தால். அப்போது பிள்ளைகளுக்கான வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு வரைகூடப் போகலாம். இப்படி அமைவது மிக அரிது. இன்னொன்று, ஆறு வயதுக்குள், அதுவும் கைக்குழந்தைப் பருவத்திலேயே நோய் தொடங்கினால். இவர்களில் சிலருக்கு ஒரே ஒரு மரபணுவின் பழுதுதான் காரணமாக இருக்கும். இவற்றில் சில வகைகளில் அந்தப் பழுது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடித்த திருமணங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். இப்படியான குழந்தைக்கு மரபணுப் பரிசோதனையும், அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனையும் அவசியம்.

நோய் வருவதற்கு முன்பே உடம்பு சொல்லுமா?

இந்தக் கேள்விக்காகவே கனடாவில் 2008இல் ‘ஜெம்’ என்ற திட்டம் தொடங்கியது. குரோன்ஸ் நோயாளிகளின் முதல்நிலை உறவினர்களில் 6 முதல் 35 வயதுக்குட்பட்ட, எந்தப் பிரச்சினையும் இல்லாத 5,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்தார்கள். ரத்தம், சிறுநீர், மலம் எல்லாவற்றையும் சேமித்துவைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நூற்றுக்கும் சற்று மேற்பட்டோருக்குப் பின்னாளில் குரோன்ஸ் வந்தது. அவர்கள் ஆரோக்கியமாக இருந்தபோது கொடுத்த மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள்.

தெரியவந்தது இதுதான். நோய் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிலருடைய குடல் சுவரில் ‘கசிவு’ அதிகமாக இருந்தது. குடல் நுண்ணுயிர்களின் கலவை மாறியிருந்தது. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதம் கூடியிருந்தது.

அமெரிக்க ராணுவத்தினரிடம் வழக்கமாக எடுத்துச் சேமித்த ரத்த மாதிரிகளிலும் இதே கதை. குரோன்ஸ் கண்டறியப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் சில ஆன்டிபாடிகளும் புரதங்களும் மாறத் தொடங்கியிருந்தன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்தவர்களில் சிலரிடம், குடல் சுவரின் ஒரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, நோய் தெரிவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே இருந்ததாக 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆக, நோய் திடீரென்று வந்து குதிப்பதில்லை. சத்தமில்லாத ஒரு முன்னுரை இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கின்றன. உங்கள் ஊர் லேபில் போய் ‘எனக்கு ஐ.பி.டி. வருமான்னு பாருங்க’ என்று கேட்கும் நிலை வரவில்லை.

அப்போ எல்லோரும் இப்பவே டெஸ்ட் எடுக்கணுமா?

வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாத உறவினர்கள் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபியோ வேறு பரிசோதனையோ வழக்கமாகச் செய்ய வேண்டும் என்று தற்போதைய நடைமுறை சொல்வதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஐஸ்லாந்தில் குரோன்ஸ் நோயாளிகளின் ஆரோக்கியமான உறவினர்களுக்குக் கால்புரோடெக்டின் பரிசோதனை செய்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அளவு கூடுதலாக இருந்தது. அவர்கள் எல்லோருக்குமா நோய் வந்துவிடும்? இல்லை. ஜெம் திட்டத்திலும் 5,000 பேரில் பெரும்பாலானோருக்கு நோய் வரவில்லை. எல்லோரையும் சோதித்தால், வராத நோயை நினைத்துத் தூக்கம் கெடுவோர் எண்ணிக்கைதான் அதிகமாகும். நோய் வருவதற்கு முன்பே கொடுத்துத் தடுக்க, நிரூபிக்கப்பட்ட மருந்தும் இன்னும் இல்லை.

ஆகவே உறவினர்களுக்கான விதி எளிமையானது. தொந்தரவு இல்லையா? பரிசோதனை வேண்டாம், விழிப்பு போதும். தொந்தரவு இருக்கிறதா? மற்றவர்களைப் போல ‘ஒரு ஆறு மாசம் பார்ப்போம்’ என்று காத்திருக்க வேண்டாம்.

எந்த அறிகுறிக்கு உடனே போகணும்?

குடும்பத்தில் ஐ.பி.டி. உள்ளவர்கள் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

• நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு
• தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு
• மலத்தில் ரத்தம் அல்லது சளி
• முயற்சி செய்யாமலே எடை குறைவது
• மாதக்கணக்கில் வயிற்று வலி, குறிப்பாகச் சாப்பிட்ட பிறகு
• காரணம் தெரியாத லேசான காய்ச்சல், ரத்தசோகை
• ஆசனவாய் அருகே ஆறாத புண், சீழ், பௌத்திரம்
• குழந்தை என்றால் உயரமும் எடையும் கூடாமல் நிற்பது
• திரும்பத் திரும்ப வாய்ப்புண், மூட்டு வீக்கம், கண் சிவந்து வலிப்பது. குடலுக்கு வெளியேயும் இந்த நோய் முகம் காட்டும்.

இதில் பௌத்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரிலும் மின்கம்பத்திலும் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற நோட்டீஸைப் பார்க்காதவர்கள் இல்லை. பின்பக்கத்தில் ரத்தம் என்றாலே மூலம் என்று முடிவுகட்டி, டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, அந்த நோட்டீஸில் உள்ள நம்பருக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான ரத்தக்கசிவு மூலம்தான் என்பது உண்மை. ஆனால் மூலம் வயிற்றுப்போக்கைத் தராது, காய்ச்சலைத் தராது, எடையைக் குறைக்காது. பௌத்திரம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது குரோன்ஸின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். இளம் வயதில், அதுவும் ரத்த உறவில் ஒருவருக்கு ஐ.பி.டி. இருக்கும்போது, குடலைப் பார்க்காமல் பௌத்திரத்தை மட்டும் அறுப்பது பாதி வைத்தியம்.

‘நேத்து நைட்டு பிரியாணி சாப்பிட்டேன், அதான்’ என்பது திண்டுக்கல்லின் இன்னொரு சமாதானம். பிரியாணியால் வந்த வயிற்றுப்போக்கு இரண்டு, மூன்று நாளில் நின்றுவிடும். மூன்று மாதமாகத் தொடர்வதற்குப் பிரியாணி மீது பழி போடக் கூடாது.

முதலில் என்ன பரிசோதனை?

எடுத்தவுடன் கொலோனோஸ்கோபி இல்லை. படிப்படியாகத்தான்.

முதல் படி, சாதாரண ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், சி.ஆர்.பி., ஆல்புமின். கூடவே கிருமித்தொற்று இருக்கிறதா என்று மலப் பரிசோதனை. இவை எந்த அரசு மருத்துவமனையிலும் தொடங்கக்கூடியவை.

இரண்டாவது, மலத்தில் கால்புரோடெக்டின். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் அங்கே குவியும். அவை விடும் புரதம் இது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250க்கு மேல் போனால் நிச்சயம் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இடைப்பட்டது என்றால் சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு எச்சரிக்கை: கிருமித்தொற்று, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவையும் இந்த அளவை ஏற்றிவிடும். அதனால் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபியும் பயாப்சியும். நோயை உறுதிசெய்வது இதுதான். சிறுகுடலைப் பார்க்க ஸ்கேனும் தேவைப்படலாம்.

திண்டுக்கல் சமவெளியில் இருப்பவர்கள், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றான திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவிலிருந்து தொடங்கலாம். சுமார் 60 கி.மீ. தொலைவில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்களுக்கெனத் தனித் துறை இருக்கிறது. நத்தமோ நிலக்கோட்டையோ ஒட்டன்சத்திரமோ, எங்கிருந்து போனாலும் முதல் வரியாகச் சொல்ல வேண்டியது: “எங்க அண்ணனுக்கு ஐ.பி.டி. இருக்குங்க.” அந்த ஒரு வரி டாக்டரின் யோசனை போகும் பாதையையே மாற்றும்.

நடுவில் ஒரு ஆள்மாறாட்டம்: குடல் டி.பி.

இந்தியாவில் ஐ.பி.டி.யைக் கண்டுபிடிப்பது மேலை நாடுகளைவிடக் கடினம். காரணம் குடல் காசநோய். குரோன்ஸும் குடல் டி.பி.யும் பெரும்பாலும் ஒரே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் வரும். வலி, காய்ச்சல், எடை குறைவு எல்லாம் ஒன்றே. ஸ்கோப்பிலும் ஸ்கேனிலும் பயாப்சியிலும்கூடச் சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாது.

தப்பாகப் போனால் விளைவு பெரிது. டி.பி.யைக் குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், எதிர்ப்புச் சக்தி அடங்கி டி.பி. பரவும். குரோன்ஸை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தால், அந்தக் காலம் முழுவதும் குடல் சேதமாகிக்கொண்டே இருக்கும். சந்தேகம் தீராதபோது, டி.பி. மருந்தைத் தொடங்கி இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் போட்டுப் பார்ப்பது இங்குள்ள வழக்கம். புண் ஆறியிருந்தால் டி.பி.; ஆறவில்லை என்றால் குரோன்ஸ் பக்கம் திரும்புவார்கள்.

எனவே டாக்டர் ‘முதல்ல டி.பி. மருந்து குடுத்துப் பார்ப்போம்’ என்றால் பதறி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். ஆனால் மறுபடி ஸ்கோப் எப்போது என்று தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு டி.பி. இருந்ததா என்பதும் குடும்ப வரலாறுதான். அதையும் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன லாபம்?

குடலில் புண் ஆறும். ஆனால் தழும்பும் சுருக்கமும் விழுந்துவிட்டால் அதை மருந்தால் நிமிர்த்துவது கடினம். குரோன்ஸில் அறுவை சிகிச்சை வரை போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பிரிட்டனில் நடந்த ‘புரொஃபைல்’ ஆய்வு 2024இல் வெளியானது. புதிதாகக் குரோன்ஸ் கண்டறியப்பட்ட 386 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எடுத்தவுடனே இன்ஃபிளிக்ஸிமாப் உள்ளிட்ட வலுவான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு வழக்கப்படி படிப்படியாக. 48 வாரங்கள் முடிவில், முதல் குழுவில் 79 சதவீதம் பேர் ஸ்டீராய்டும் அறுவை சிகிச்சையும் இல்லாமல் நோய் அடங்கிய நிலையில் தொடர்ந்தார்கள். இரண்டாவது குழுவில் 15 சதவீதம் பேர்தான். நோய் கண்டறியப்பட்ட சில நாட்களிலேயே சிகிச்சை தொடங்கியதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அதே பிரிட்டனில் நோயாளிகளின் பழைய மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோது, பத்தில் ஒருவர் நோய் உறுதியாவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே வயிற்றுத் தொந்தரவுக்காக டாக்டரிடம் போயிருந்தார். முன்பே ‘ஐ.பி.எஸ்.’ என்றோ மனச்சோர்வு என்றோ முத்திரை விழுந்தவர்களுக்கு நிபுணரைப் பார்ப்பது இன்னும் தாமதமாகியிருந்தது.

செலவும் முன்பு போல் இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸின் லேசான நிலைக்கு மெசலமைன் மாத்திரையே பலருக்குப் போதும். குரோன்ஸுக்குப் பயன்படும் அடலிமுமாப் ஊசியின் முதல் பயோசிமிலர் 2014இல் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. பெருங்குடலில் நோய் எப்போது தொடங்கியது என்று சரியாகத் தெரிவதில் இன்னொரு பயனும் உண்டு: சுமார் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பெருங்குடல் புற்றுநோய்க்கான கண்காணிப்பு ஸ்கோப் தொடங்க வேண்டும். தொடக்கமே தெரியாவிட்டால் அந்தக் கணக்கும் தப்பும்.

உறவினர்கள் என்ன செய்யலாம்?

முழுமையாகத் தடுக்கும் வழி இல்லை. ஆபத்தைக் குறைக்க உதவக்கூடியவை உண்டு.

• சிகரெட் வேண்டாம். குரோன்ஸ் ஆபத்தைக் கூட்டுவது உறுதியாகத் தெரிந்த பழக்கம் இது.
• பாக்கெட் உணவைக் குறைக்கலாம். இந்தியா உட்பட 21 நாடுகளில் 1.16 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021இல் வெளியானது. சிப்ஸ், குளிர்பானம் போன்ற அதிகம் பதப்படுத்திய உணவை நாளுக்கு ஐந்து முறைக்கு மேல் எடுத்தவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாக எடுத்தவர்களைவிட ஐ.பி.டி. ஆபத்து சுமார் 1.8 மடங்கு.
• மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரைப் பழக்கத்தை விடலாம்.
• குழந்தைக்குத் தாய்ப்பால். ஐ.பி.டி. ஆபத்து குறைவதோடு தொடர்புள்ளது.

வீட்டில் எப்படிப் பேசுவது?

எல்லாவற்றையும்விடக் கடினமான படி இதுதான். மலம் பற்றிப் பேசுவதே நம் வீடுகளில் கூச்சம். அதோடு கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொண்டால் நோய் ரகசியமாகிவிடுகிறது. ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. யாரிடம் சொல்வது என்பது நோயாளியின் உரிமை. ஆனால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்ற அந்தச் சின்ன வட்டத்துக்குள் மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஐ.பி.டி. தொற்றாது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் திருமணம், குழந்தை, வேலை எதற்கும் பொதுவாகத் தடையில்லை.

நோயாளி செய்ய வேண்டியது ஒரு போன் கால். நோயின் பெயர், எந்த வயதில் தொடங்கியது, முதலில் என்ன அறிகுறி வந்தது. இந்த மூன்றையும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜாக அனுப்பினால், போனில் சேமித்துவைத்து நாளை டாக்டரிடம் அப்படியே காட்டலாம்.

மறுபடி அந்தக் கற்பனை வீட்டுக்கே போவோம்.

“பாப்பா, எனக்கு இருக்கிறது சும்மா வயித்து வலி இல்ல. பேரு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மாத்திரை போடுறேன், நல்லாத்தான் இருக்கேன். ஒனக்கு வரும்னு சொல்லல. ஆனா தெரிஞ்சு வச்சுக்க.”

“மூணு மாசமா எனக்கும் வயிறு சரியில்லண்ணே. ராத்திரிகூட எந்திரிச்சுப் போறேன். அம்மாகிட்ட சொன்னா மோர் குடிங்குது.”

“மோரும் குடி. நாளைக்கே டாக்டரையும் பாரு. எங்கண்ணனுக்கு இப்படின்னு மொதல்ல சொல்லிரு.”

தங்கைக்குச் சாதாரணத் தொற்றாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த முறை டாக்டர் கேட்கும் கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இருக்கிறது.